கடதாசி இல்லாத காயங்கள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஜேர்மனிக்கு வந்துசேர்ந்த எம்மில் பலருக்கு இந்த நாட்டின் மொழியை முதலில் படிப்பித்தது ட்ராம் வண்டிதான். வேலை செய்ய அனுமதியில்லை. பதியப்பட்ட மாவட்டத்தைத் தாண்டிப் போகவும் அனுமதியில்லை. பகல் முழுவதும் என்ன செய்வது? ட்ராமில் ஏறியிருந்து கண்ணில்படும் எழுத்துகளையெல்லாம் கூட்டிக் கூட்டி வாசிப்போம். வாசலுக்குப் பக்கத்து ஆசனத்தின் மேல் ஒரு நீண்ட சொல் ஒட்டப்பட்டிருந்தது: 'சுவேர்பெஷேடிக்ற'. 'கடுமையாகச் சேதமடைந்தோர்' என்றது அகராதி. சேதமடைவது பொருட்கள்தானே, மனிதரை ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று யோசித்தது நினைவிருக்கிறது. பிறகுதான் விளங்கியது, அது யுத்தத்தில் அங்கவீனமானவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டு வந்த ஆசனம் என்று. வெறும் சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்த கிழவர்கள் அதில் வந்து இருப்பார்கள்.

ஷெல்லும் காயமும் எமக்குப் புதிதல்ல. காயத்துக்கென்று ஒரு கந்தோர் இருப்பதும், அந்தக் கந்தோர் மறுத்துவிட்டால் மேன்முறையீடு செய்ய ஒரு நீதிமன்றம் இருப்பதும்தான் எமக்குப் புதினமாக இருந்தன. அந்தக் கந்தோருக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத் தேடி வாசிக்க வாசிக்க, எத்தனையோ சட்டங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். காயம் யுத்தத்தினால் வந்தது என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? காயப்பட்டவனா, அரசா?

*

முதலாம் உலக யுத்தத்திலிருந்து நிரந்தர அங்கவீனத்தோடு திரும்பிய ஜேர்மன் சிப்பாய்கள் சுமார் 27 இலட்சம் பேர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களின் முதற் பெரிய சங்கத்தை யுத்தம் முடியுமுன்பே, 1917இல், ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் எரிக் குட்னர். பேர்லினைச் சேர்ந்த யூதர், சமூக ஜனநாயகவாதி, பத்திரிகையாளர், வெர்டூன் போர்முனையில் காயப்பட்டவர். பிச்சையாகவோ சக்கரவர்த்தியின் கருணையாகவோ ஓய்வூதியம் வேண்டாம், உரிமையாக வேண்டும் என்பதே அச்சங்கத்தின் அடிப்படைக் கோரிக்கை.

1920 மே மாதத்தில் வைமார் குடியரசு கொண்டுவந்த பராமரிப்புச் சட்டம் அந்தக் கோரிக்கையைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. ஓய்வூதியத்தை இராணுவத்தின் கையிலிருந்து எடுத்துத் தொழில் அமைச்சிடம் கொடுத்தது. இராணுவத் தரவரிசையைப் பாராமல், உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் போய்விட்டது என்று பார்த்தது. கால் போனால் இத்தனை வீதம், கண் போனால் இத்தனை வீதம். வைத்தியர் சொல்லும் அந்த வீதத்தில்தான் ஒரு குடும்பத்தின் மாதப் படி தங்கியிருந்தது. வீதம் குறைவென்று நினைப்பவர் பராமரிப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்ட அறிஞரோடு முன்னாள் சிப்பாய்களும் அங்கே தீர்ப்பாளர்களாக இருந்தார்கள். அக்காலத்துக்கு இது பெரிய விடயம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பணவீக்கம் வந்தது. 1923இல் இலேசான காயக்காரரைப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் பொருளாதாரம் நொறுங்கியபோது அவசரகாலச் சட்டங்களால் மீண்டும் வெட்டினார்கள். தெருவோரத்தில் நெருப்புப்பெட்டி விற்கும் கால்களற்ற சிப்பாயை ஓவியர் ஒட்டோ டிக்ஸ் 1920இல் வரைந்திருந்தார். அந்தக் காட்சி பத்து வருடங்களுக்குப் பிறகும் ஜேர்மன் நகரங்களை விட்டுப் போகவில்லை.

*

கை கால் போனவனுக்கு வீதத்தில்தான் தகராறு. உடம்பில் கீறல் எதுவும் இல்லாமல் கை நடுங்கிக்கொண்டு, பேச்சு நின்றுபோய், இரவில் அலறிக்கொண்டு எழும்பியவன் என்ன செய்வது?

ஹேர்மன் ஒப்பன்ஹைம் என்ற பேர்லின் நரம்பியல் வைத்தியர் 1889இலேயே இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். பேரதிர்ச்சி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கிறது, ஆகவே இது விபத்தின் விளைவுதான் என்பது அவரது வாதம். இதை ஏற்றுக்கொண்டால் அரசு நட்டஈடு கொடுத்தாக வேண்டும். 1916இல் மியூனிச்சில் கூடிய ஜேர்மன் உளவியல், நரம்பியல் வைத்தியர்கள் ஒப்பன்ஹைமைத் தோற்கடித்தார்கள். ரொபேர்ட் கௌப், மக்ஸ் நொன்னே போன்றோரின் கருத்தே வென்றது. திடமான மனிதனை அதிர்ச்சி நிரந்தரமாக நோயாளியாக்காது. ஒருவன் தேறாமல் இருந்தால் அவனது பிறவிக் குணத்தில் குறை இருக்கிறது. அல்லது ஓய்வூதிய ஆசை அவனை நோயாளியாகவே வைத்திருக்கிறது என்றார்கள். 'ஓய்வூதிய நரம்புநோய்' என்ற சொல்லே புழக்கத்தில் இருந்தது. யுத்தகாலத்தில் இதற்கு மருந்தாக மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார்கள். அந்த வலியோடு ஒப்பிட்டால் போர்முனை பரவாயில்லை என்று பலர் திரும்பிப் போனார்கள்.

1926இல் நாட்டின் உச்சக் காப்புறுதி அமைப்பு இதைச் சட்டமாகவே தீர்த்துவைத்தது. நட்டஈடு கிடைக்கும் என்ற எண்ணத்தில் வேரூன்றிய நரம்புநோய்க்கு நட்டஈடு கிடையாது. இந்தத் தர்க்கத்தைச் சற்று நின்று பாருங்கள். நோயாளி விண்ணப்பம் போடுகிறான். விண்ணப்பம் போட்டதே அவனது நோய்க்குக் காரணம் என்கிறார்கள். ஆகவே விண்ணப்பத்தை மறுப்பதுதான் வைத்தியம். மேன்முறையீடு செய்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்! தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி எழுந்த இத்தீர்ப்பு, யுத்த ஓய்வூதிய வழக்குகளிலும் நிழலாக விழுந்தது.

நாசிகள் யுத்தத்தில் காயப்பட்டவனைத் தேசத்தின் முதற் பிரசை என்று மேடைகளில் புகழ்ந்தார்கள். அவர்களின் 1934ம் ஆண்டுச் சட்டம் மனக்காயக்காரரை அந்தப் புகழுக்குள் சேர்க்கவில்லை. ஓய்வூதியப் பட்டியலிலிருந்து களையெடுத்தது. 1940இலும் 41இலும் மனநோய் விடுதிகளிலிருந்து நச்சுவாயு அறைகளுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுள் முதலாம் உலக யுத்தத்தில் இதே நாட்டுக்காகப் போராடிய சிப்பாய்களும் இருந்தார்கள். சங்கத்தைத் தொடங்கிய எரிக் குட்னர் ஒல்லாந்துக்குத் தப்பியோடி அகதியாக வாழ்ந்தார். ஒல்லாந்தும் நாசிகளிடம் வீழ்ந்தபின் பிடிபட்டு, 1942 ஒக்டோபரில் மௌத்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார். வெர்டூனில் அவர் பட்ட காயம் அவரைக் காப்பாற்றவில்லை.

*

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு மேற்கு ஜேர்மனி 1950இல் புதிய பராமரிப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. காயப்பட்டோர், விதவைகள், அநாதைப் பிள்ளைகள் என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் பணம் பெற்றார்கள். 1954இலிருந்து சமூக நீதிமன்றங்கள் இயங்கத் தொடங்கின. கந்தோர் மறுத்துப் 'பெஷைட்' அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை எழுதலாம். அதுவும் மறுக்கப்பட்டால் நீதிமன்றம், அதற்கு மேல் மாநில நீதிமன்றம், கடைசியாகக் கசெல் நகரிலுள்ள சமஷ்டிச் சமூக நீதிமன்றம். விண்ணப்பகாரர் நீதிமன்றக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பது நீதிமன்றத்தின் கடமை. தனக்கு நம்பிக்கையான வைத்தியரிடமும் அபிப்பிராயம் கேட்கும்படி காயக்காரர் வற்புறுத்தலாம். அதற்கான செலவை மட்டும் அவர் முற்பணமாகக் கட்ட நேரிடலாம்.

அதைவிட என்னை வியக்கவைத்தது வேறொன்று. யுத்தத்தால் ஏற்பட்டதுதான் என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருக்கக்கூடிய சாத்தியம் மிகுந்திருந்தால் போதும் என்றது சட்டம். 1955ம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் 15ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆவணங்கள் இல்லாவிட்டால், அல்லது விண்ணப்பகாரரின் தவறின்றித் தொலைந்திருந்தால், அவர் சொல்வது சூழ்நிலைக்குப் பொருந்தி நம்பத்தக்கதாக இருக்குமிடத்து அவரது வாய்ச்சொல்லையே தீர்ப்புக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டும்!

எமது அகதி விசாரணைகளில் இருந்து எழுந்து வந்த எவரும் இந்த வரிகளை அமைதியாக வாசித்துவிட முடியாது. பிறந்த அத்தாட்சிப் பத்திரம் எங்கே, கைதுசெய்ததற்கு அத்தாட்சி எங்கே, காம்பில் அடித்ததற்குக் கடதாசி எங்கே என்று எம்மிடம் கேட்ட நாடு இது. குண்டுவீச்சிலும் பின்வாங்கலிலும் கடதாசிகள் எரிந்துபோகும் என்பது இந்நாட்டுக்குத் தெரியாமலில்லை. தன் சொந்தச் சிப்பாய்க்காக அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது.

*

இந்தத் தாராளம் யார் யாருக்குப் போய்ச்சேர்ந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

யூத இனப்படுகொலையின் முதன்மைச் சூத்திரதாரிகளில் ஒருவரான ரைன்ஹார்ட் ஹைட்ரிஷ் 1942இல் பிராக் நகரில் நடந்த தாக்குதலில் காயப்பட்டு இறந்தார். அவரது விதவை லீனா ஹைட்ரிஷ் 1950களின் பிற்பகுதியில் நீதிமன்றம் ஏறி வாதாடி விதவை ஓய்வூதியத்தை வென்றார். கணவர் யுத்த நடவடிக்கையால் இறந்தவர் என்று ஆயிற்று. ஆயிரக்கணக்கானோருக்கு மரண தண்டனை விதித்த 'மக்கள் நீதிமன்ற'த்தின் தலைவர் ரோலண்ட் பிரைஸ்லர், 1945 பெப்ரவரியில் பேர்லினில் விமானக் குண்டுவீச்சில் செத்தார். அவரது விதவைக்கு 1974இலிருந்து மேலதிகக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது. பிரைஸ்லர் உயிரோடிருந்திருந்தால் யுத்தத்தின் பின் சட்டத்தரணியாகவோ உயர் உத்தியோகத்தராகவோ நன்றாகச் சம்பாதித்திருப்பார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1985இல் இது வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அந்த அனுமானத்தில் ஒரு கசப்பான உண்மையும் இருந்தது. பிரைஸ்லரைப் போன்ற நீதிபதிகள் பலர் யுத்தத்தின் பின் உண்மையிலேயே அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

மறுபக்கத்தில் வதைமுகாமிலிருந்து மீண்டவர்கள் நின்றார்கள். அவர்களுக்குச் சிப்பாயின் சட்டம் இல்லை. 1956இல் நிறைவேறிய தனி நட்டஈட்டுச் சட்டம் இருந்தது. உழைக்கும் ஆற்றலில் 25 வீதமாவது போயிருக்க வேண்டும். அது முகாமினால் போனதென்று வைத்தியர் எழுத வேண்டும். அந்த வைத்தியர்களில் பலர் 1916இன் மியூனிச் பாடத்தையே இன்னும் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். முகாமை விட்டு வெளியே வந்த பிறகும் தூக்கமில்லை, பயம் போகவில்லை என்றால் அது பிறவிக் குறை. ஊல்றிஷ் வென்ஸ்லாவ் போன்ற ஒருசில ஜேர்மன் வைத்தியர்களே இதை எதிர்த்து, அனுபவம் ஒரு மனிதனை நிரந்தரமாக மாற்றிவிடக்கூடும் என்று ஐம்பதுகளில் எழுதினார்கள். வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த உளப்பகுப்பாய்வாளர் கேர்ட் ஐஸ்லர் 1963இல் ஒரு ஜேர்மன் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பாக ஒரு கேள்வியை வைத்தார். தன் பிள்ளைகளில் எத்தனை பேர் கொல்லப்படுவதை நோய்க்குறி எதுவுமின்றித் தாங்கிக்கொண்டால் ஒருவரைத் திடமான உடல்மனத்தவர் என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?

1965இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு வருடமாவது வதைமுகாமில் இருந்தவரின் உழைக்கும் ஆற்றல் 25 வீதம் குறைந்திருந்தால், அது முகாமினாலேயே என்று அனுமானிக்கப்படும் என்றாயிற்று. 'அனுமானிக்கப்படும்' என்ற இந்த ஒரு சொல்லைப் பெற இருபது வருடம் எடுத்தது. அதற்கிடையில் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். சிந்தி, ரோமா மக்களின் நிலை இன்னும் மோசம். 1943க்கு முன் அவர்களுக்கு நடந்தது இன அடிப்படையிலான துன்புறுத்தலல்ல, பொலிஸ் நடவடிக்கை என்று 1956இல் சமஷ்டி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1963இல் அதை ஓரளவு திருத்திக்கொண்டது.

*

இப்போது எமது மனதுக்கு நெருக்கமான ஒரு வழக்குக்கு வருவோம். ஹிட்லரின் இராணுவத்தை விட்டுத் தப்பியோடியவர்களின் வழக்கு அது.

முதலாம் யுத்தத்தில் ஜேர்மன் இராணுவ நீதிமன்றங்கள் 150 மரண தண்டனைகளை விதித்தன, 48 நிறைவேறின. இரண்டாம் யுத்தத்தில் விதிக்கப்பட்டவை சுமார் 30,000. இருபதினாயிரம் அளவில் நிறைவேற்றப்பட்டன. உயிர் தப்பியவர்களுள் ஒருவர் லூட்விக் பௌமன். 1942இல் பிரான்சின் போர்தோவில் தப்பியோடிப் பிடிபட்டார். மரண தண்டனை சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டதை அவருக்குச் சொல்லாமலேயே பல மாதங்கள் மரணக் கொட்டடியில் வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து வந்தவரைச் சொந்த ஊரார் கோழை, துரோகி என்றார்கள். 'துரோகி' என்ற சொல்லின் பாரம் எமக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கும். 1990இல் அவரும் மிஞ்சியிருந்த சில கிழவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள்.

சுடப்பட்ட சிப்பாய்களின் விதவைகள் என்ன ஆனார்கள்? 1950ம் ஆண்டுச் சட்டத்தில் அவர்களுக்கு ஒரு சிறு வாசல் இருந்தது. இராணுவம் விதித்த தண்டனை 'வெளிப்படையான அநீதி'யாக இருந்தால் ஓய்வூதியம் உண்டு. ஆனால் தீர்ப்பு சட்டப்படி சரியானதென்றே கந்தோர்கள் எடுத்துக்கொண்டன. அது அநீதி என்று விதவைதான் காட்ட வேண்டும். பல தசாப்தங்களுக்கு முன் எங்கோ ஒரு போர்முனையில், ஒரு மணித்தியாலத்தில் முடிந்துபோன விசாரணையின் கோப்பை ஒரு கிழவி எங்கே போய்த் தேடுவாள்?

அப்படியொரு விதவையின் வழக்கு படிப்படியாக ஏறிக் கசெல் நீதிமன்றத்துக்கு வந்தது. 1991 செப்டம்பர் 11ம் திகதி அந்நீதிமன்றம் பழைய அனுமானத்தைத் தலைகீழாகப் புரட்டியது. ஹிட்லரின் இராணுவ நீதிமன்றங்கள் பயங்கர ஆட்சியின் கருவிகளாக இயங்கியவை. ஆகவே தப்பியோடியதற்காகவும் அதுபோன்ற குற்றங்களுக்காகவும் அவை விதித்த மரண தண்டனைகளை அநீதி என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். விதவைக்கு ஓய்வூதியம் கிடைத்தது. பணம் என்று பார்த்தால் பெரிய தொகையல்ல. ஆனால் அரசியல்வாதிகள் வாய்திறக்கத் தயங்கிய ஒன்றை, ஓய்வூதிய மேன்முறையீடு ஒன்றின் மூலம் ஒரு சமூக நீதிமன்றம் சொல்லிவிட்டது. தப்பியோடியவர்களின் தண்டனைகளைப் பாராளுமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்தது 2002இல்தான். 'யுத்தத் துரோகம்' என்று தண்டிக்கப்பட்டவர்கள் 2009 வரை காத்திருந்தார்கள். பௌமன் இரண்டையும் கண்டுவிட்டு 2018இல் காலமானார்.

இதற்கிடையில் யுத்தக் குற்றவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் ஓய்வூதியம் போய்க்கொண்டிருப்பதை 1997இல் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. மனிதாபிமான நெறிகளை மீறியவர்களின் ஓய்வூதியத்தை நிறுத்தலாம் என்று 1998இல் சட்டம் வந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தனிப்பட என்ன செய்தார் என்பதை இங்கே அரசு நிரூபிக்க வேண்டும். சிமோன் வீசென்தால் மையத்தின் உதவியோடு சேர்க்கப்பட்ட பெயர்கள் எழுபத்தையாயிரத்துக்கு மேல். 2016இல் வெளிவந்த ஆய்வின்படி ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்கள் 99 பேர்.

*

1950ம் ஆண்டுச் சட்டம் 2023ம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. புதிய சமூக நட்டஈட்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. இன்றைய படைவீரர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து தனிச் சட்டம். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய ஜேர்மன் சிப்பாய்களும் இரவில் அலறிக்கொண்டு எழும்பினார்கள். அவர்களும் ஆட்சேபணை எழுதி, வைத்திய அபிப்பிராயங்களுக்குக் காத்திருந்து, வழக்காடினார்கள். 2012இல் ஒரு விதி வந்தது. வெளிநாட்டுப் பணியில் கடும் சம்பவங்களுக்கு உட்பட்டவருக்குத் தகுதிவாய்ந்த நிபுணர் மனக்காயம் என்று உறுதிப்படுத்தினால், அது அந்தப் பணியினால் வந்தது என்று அனுமானிக்கப்படும். ஒப்பன்ஹைம் தோற்றுத் தொண்ணூற்றாறு வருடங்களுக்குப் பிறகு! நல்ல காரியம் என்றுதான் சொல்வேன். காயப்பட்ட எவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஆனால் நாலு வருடம் கழித்து, 2016இல், இதே நாட்டின் வதிவிடச் சட்டத்திலும் அதே சொல் வந்து அமர்ந்தது. திருப்பி அனுப்பப்பட வேண்டிய வெளிநாட்டவரின் சுகநிலை அதற்குத் தடையாக இல்லை என அனுமானிக்கப்படும். தடை இருக்கிறதென்றால் அவரே தகுதிவாய்ந்த வைத்திய அத்தாட்சியோடு நிரூபிக்க வேண்டும். சொல் ஒன்றுதான், அது பார்க்கும் திசைதான் வேறு.

நம்மவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க வைத்தியரிடம் போயிருந்தேன். எக்ஸ்றே படத்தில் தொடையெலும்பின் பக்கத்தில் ஷெல் துண்டுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. வைத்தியர் அவற்றை எண்ணி எழுதிக்கொண்டார். ஏன் இரவில் கதவுக்குப் பக்கத்திலேயே படுக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். "அதை என்னண்டு அண்ணை சொல்லுறது?" என்றார். நானும் அதை ஜேர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். வைத்தியர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஊரில் அரச படையில் நின்று கால் இழந்தவனுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நின்று இழந்தவனுக்கும், எந்தப் பக்கத்திலும் நில்லாமல் பங்கருக்குள் இருந்து இழந்தவளுக்கும் அப்படியொரு கந்தோர் இல்லை. ஆகவே மேன்முறையீடு செய்ய மறுப்புக் கடிதமும் இல்லை. ஜேர்மனியின் இந்த நூறு வருடக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுண்டு. எந்த அனுமானமும் தானாக மாறவில்லை. கால் இழந்தவர்களும் முகாமில் இருந்து மீண்டவர்களும் பெயர் தெரியாத ஒரு விதவையும் மறுப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் திரும்பத் திரும்ப எழுதியதால்தான் அவை மாறின.

ட்ராமில் இப்போது அந்த நீண்ட சொல் இல்லை. படக்குறி ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தக் கிழவர்களும் இல்லை. சிலவேளை எமது வயதுக்காரர் யாராவது, முழங்காலைப் பிடித்தபடி, அதில் வந்து இருக்கிறார்.